தேக்கா சந்தையில் ஓர் ஆய்வுக்கூடம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு பஃப்ளோ ரோட்டில் நடக்க முடிந்தால் சிங்கப்பூரில் எங்கும் நடந்துவிடலாம். ஒரு பக்கம் முருங்கைக்காய்க் கட்டு, இன்னொரு பக்கம் வாழைப்பூ, நடுவில் வண்டி தள்ளிக்கொண்டு வருபவர். அந்தக் கூட்டத்துக்குள் நாங்கள் ஆறு பிள்ளைகளையும் இரண்டு பெற்றோரையும் சேர்த்து எட்டுப் பேர் நுழைந்தோம். கையில் ஒரு பட்டியல்: மஞ்சள் தூள், வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு, எலுமிச்சை நாலு, பச்சை மிளகாய், பச்சைப் பயறு, ஒரு தாமரை இலை, கண் தெளிவாக இருக்கும் மீன் தலை ஒன்று.

மீன் கடைக்காரர் பட்டியலைப் பார்த்தார். “குழம்புக்கா, கறிக்காம்மா?” என்றார். “கண்ணுக்கு அண்ணே” என்றாள் எட்டு வயதுச் சிறுமி. அவர் சிரித்துவிட்டு, கொடுவா மீன் குவியலைப் புரட்டித் தேடி ஒன்றை எடுத்தார். கண் பளபளவென்று இருந்தால்தான் புது மீன் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கு வேண்டியதும் அதுவேதான், காரணம் மட்டும் வேறு. புது மீனின் கண்ணிலிருந்து எடுக்கும் லென்ஸ், பட்டாணி அளவில் கண்ணாடிக் குண்டு போல இருக்கும். அதைச் செய்தித்தாள் மேல் வைத்தால் அடியில் இருக்கும் எழுத்து பெரிதாகத் தெரியும். ஐஸில் மூன்று நாள் கிடந்த மீனென்றால் லென்ஸ் கலங்கிப்போயிருக்கும், பார்க்க ஒன்றும் இருக்காது.

மீன் தலைக் கறிக்குப் பேர்போன ரேஸ் கோர்ஸ் சாலை அங்கிருந்து கூப்பிடு தூரம். கண்ணை எடுத்துக்கொண்டு மீதித் தலையை வீணாக்குவானேன் என்று அன்று மதியம் யார் வீட்டில் என்ன சமையல் என்பதும் முடிவாகிவிட்டது.

இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஞாயிறு அறிவியல்’. சங்கம் என்று சொல்லும் அளவுக்குப் பதிவோ, தலைவர் செயலாளரோ கிடையாது. எங்கள் வீவக புளோக்கிலும் பக்கத்து புளோக்கிலும் இருக்கும் சில குடும்பங்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூடுகிறோம், அவ்வளவுதான். யோசனை மட்டும் புதிதல்ல. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் இதழை நடத்தி வருகிறது. அந்த இதழைப் படித்து, ஊருக்கு ஊர் ‘துளிர் இல்லம்’ என்று பிள்ளைகள் கூடிய காலம் உண்டு. பள்ளிக்கூடத் திண்ணை, கோயில் மண்டபம், யாராவது ஒருவர் வீட்டு மாடி, எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. கையில் பணம் இல்லாததால், தேங்காய் ஓடு, பழைய சைக்கிள் டியூப், காலிப் பேனா என்று கிடைத்ததை வைத்துச் சோதனை செய்தார்கள். அப்படி ஒரு மாடியில் உட்கார்ந்தவன் நான். முப்பது வருடம் கழித்து சிங்கப்பூரில் அதைத் தொடரும்போது, தேங்காய் ஓட்டுக்கும் சைக்கிள் டியூபுக்கும் பதிலாக எனக்குக் கிடைத்தது தேக்கா.

இந்த ஊரில் அறிவியலுக்கு என்ன குறை என்று கேட்கலாம். குறை ஒன்றும் இல்லை. தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலேயே அறிவியல் பாடம் தொடங்கிவிடுகிறது. பிஎஸ்எல்இ தேர்வின் நான்கு பாடங்களில் அதுவும் ஒன்று. அந்தத் தேர்வுதான் சிக்கலும். ஐந்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளைகளிடம் ‘ஏன்’ என்ற கேள்வி குறைந்து, ‘எத்தனை மார்க்’ என்ற கேள்வி கூடிவிடுகிறது. விடையில் எந்தச் சொல் வந்தால் மதிப்பெண் உண்டு, எது வராவிட்டால் இல்லை என்று துணைப்பாட வகுப்பில் பழக்குகிறார்கள். எங்கள் குழுவில் சேர வந்த ஒரு தந்தை முதல் நாளே கேட்டார்: “இது எந்த சிலபஸ்?” சிலபஸ் இல்லை என்றேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அவர் மகன் வந்தான். கீழ்வீட்டு நண்பனோடு தானாகவே இறங்கி வந்துவிட்டான்.

இன்னொரு காரணமும் உண்டு, அது மொழி. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடு. பிள்ளைகளுக்குத் தமிழ் என்றால் கட்டுரை, கருத்தறிதல், வாய்மொழித் தேர்வு. கொசு, மின்னல், மீன் கண் இவையெல்லாம் ஆங்கிலத்தின் சொத்து. எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் உயர்நிலை வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தார்கள். 1982இல் அது மூடப்பட்டபோது சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப் பள்ளியும் போனது. இன்று அதன் பெயர் பீட்டி ரோட்டில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையமாக நிற்கிறது. சிண்டா அலுவலகமும் அதே சாலையில்தான். சிராங்கூன் சாலையிலிருந்து அங்கே திரும்பும்போதெல்லாம், இந்த ஊரில் தமிழில் இயற்பியல் படித்துத் தேர்வெழுதிய தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள் என்ற நினைப்பு எனக்கு வரும். அப்படி ஒருவர் உங்கள் புளோக்கில் இருந்தால் விடாதீர்கள், குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ‘தமிழில்தான் பேச வேண்டும்’ என்று நாங்கள் சட்டம் போடவில்லை. போட்டால் பிள்ளைகள் பேசவே மாட்டார்கள். பெரியவர்கள் தமிழில் பேசுகிறோம், அவர்கள் வாயில் வருவதைப் பேசட்டும். நோட்டில் மட்டும் புதிய சொல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மொழியிலும் பெயர் எழுத வேண்டும். ஒளிச்சேர்க்கை என்ற சொல்லைப் பிரித்துக் காட்டியபோது, ஆங்கிலச் சொல்லைவிட இது ஈசி என்றது ஒரு பிள்ளை. ஈசியாக இல்லாத சொல்லும் உண்டு. மஞ்சள் சோதனை நாளன்று அது நடந்தது.

மஞ்சள் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வடிதாளில் தடவிக் காயவைத்தால் மஞ்சள் தாள் தயார். அதில் சோப்புத் தண்ணீர் தொட்டு எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் குங்குமச் சிவப்பு. அதன் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சள். (சுண்ணாம்பைப் பெரியவர்கள்தான் தொட வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து.) அமிலம், காரம் என்று சொல்லிக்கொண்டே போனபோது ஒருவன் கையைத் தூக்கினான். “காரம்னா மிளகாயா அங்கிள்? அப்போ மிளகாயும் சிவப்பா மாத்துமா?”

நல்ல கேள்வி. தமிழில் காரம் என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. விளக்கம் சொல்லாமல் மிளகாயை அரைத்து மஞ்சள் தாளில் வைத்தோம். நிறம் மாறவில்லை. நாக்குக்குக் காரமாக இருப்பது வேதியியலில் காரம் இல்லை என்பதை அந்தப் பதினோரு பிள்ளைகளும் இனி மறக்கப் போவதில்லை. சோதனை இவ்வளவு சின்னதாக இருந்தாலே போதும் என்பது என் அபிப்பிராயம். எரிமலை பொங்கவைப்பது, ராக்கெட் விடுவது எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும், படம் எடுத்துப் பகிரலாம். பிள்ளைக்குக் கேள்வி வராது.

மஞ்சளோடு நிற்க வேண்டாம். நம் வீட்டுக் கொல்லையில் படரும் சங்குப்பூதான் இங்கே நோன்யாப் பலகாரங்களுக்கு நீல நிறம் தருகிறது. பூவை வெந்நீரில் போட்டால் நீலச் சாறு. எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும், சோப்புத் தண்ணீர் கலந்தால் பச்சைப் பக்கம் போகும். ஒரு சீனக் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் எங்களோடு சேர்ந்தது இந்தப் பூவால்தான். அவர்கள் நோட்டில் இப்போது மூன்று மொழிச் சொற்கள் இருக்கின்றன.

பச்சைப் பயறு முளைக்கவைக்கும் சோதனைக்கு மட்டும் இந்த ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை. தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு மூடித் தண்ணீரே போதும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீடு தேடி வந்து பார்ப்பார்கள். நாங்கள் ஈரத் துணியில்தான் முளைக்கவைக்கிறோம். இந்தப் பேச்சே இன்னொரு ஞாயிற்றுக்குப் பாடமானது. 2016 முதல் சிங்கப்பூரில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள ஆண் கொசுக்களை வேண்டுமென்றே வெளியில் விடுகிறார்கள். ஆண் கொசு கடிக்காது. அதோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. ‘கொசுவை ஒழிக்கக் கொசுவையே விடுகிறார்கள்’ என்றதும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த அரை மணி நேரம் நான் பேசவே இல்லை.

இனி நிழல் கதைக்கு வருகிறேன். இந்தக் குழுவை நிறுத்திவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தபோதும் நிறுத்தவிடாமல் செய்தது அதுதான்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1.3 டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் மார்ச் 23, 24 வாக்கிலும் செப்டம்பர் 19, 20 வாக்கிலும் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. சென்னையில் இதே காட்சி ஏப்ரல் கடைசி வாரத்தையொட்டியும் ஆகஸ்டிலும் வரும். பகல் பன்னிரண்டுக்குத்தானே உச்சி என்று பிள்ளைகள் குச்சியை நட்டுக் காத்திருந்தார்கள். நிழல் நன்றாகவே நீண்டு கிடந்தது. ஒரு மணி ஆனது, அப்போதும் கொஞ்சம் மிச்சம். 1.11 மணிக்குத்தான் நிழல் குச்சிக்கு அடியில் போய் ஒளிந்தது.

ஏன் இந்தத் தாமதம்? சிங்கப்பூர் இருக்கும் தீர்க்கரேகைக்குக் கடிகாரம் கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரம்தான் முன்னால் இருக்க வேண்டும். 1981 வரை ஏழரை மணி நேரமாக வைத்திருந்தார்கள். மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் கொண்டுவந்தபோது சிங்கப்பூரும் சேர்ந்து, 1982 ஜனவரி 1இல் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி எட்டு மணி நேரமாக்கியது. ஒரு குச்சி, ஓர் அரசாங்க முடிவைக் காட்டிக்கொடுத்ததில் பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

அதே நாளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இன்னொரு குச்சி நின்றது. எங்கள் குழுவில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், வகுப்பில் அறிவியல் மதிப்பெண் சுமார்தான். அவன் பாட்டி அங்கே தனியாக இருக்கிறார். வாரம் ஒரு முறை காணொளியில் பேசுவார்கள். ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டேன்’, ‘படிக்கிறியா’, ‘படிக்கிறேன்’, போன் அம்மா கைக்குப் போய்விடும். வருஷக்கணக்காக அதுதான் பேச்சு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் இரண்டு ஊர் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட கதையைச் சொன்னபோது, நமக்கும் வடக்கே ஓர் ஊரில் ஆள் வேண்டுமே என்றேன். “எங்க பாட்டி இருக்காங்க” என்றான்.

பாட்டிக்கு விளக்கும் வேலை அவனுடையது. ஒரு மீட்டர் குச்சி, செங்குத்தாக நட வேண்டும், நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுச் சரிபார்க்க வேண்டும், பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் புள்ளி வைக்க வேண்டும், எல்லாவற்றிலும் குட்டையான நிழலைச் சொல்ல வேண்டும். இவ்வளவையும் தமிழில் சொல்லியாக வேண்டும். செங்குத்து என்ற சொல் அவனுக்கு வரவில்லை. “நேரா, ஸ்ட்ரெய்ட்டா, விழாம” என்று திணறினான். “அட, செங்குத்தா நடணும்ங்கறே, அதானே? பந்தக்கால் நட்டவதாண்டா நான்” என்றார் பாட்டி. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் எல்லோரும் கைதட்டினோம்.

அவர் ஊரில் உச்சிவேளை, இந்திய நேரம் 12.20 வாக்கில். பாட்டி கூப்பிட்டுச் சொன்னார்: “ஒரு சாணுக்கு ரெண்டு விரக்கடை குறைச்சல்.” பையன் தன் கையால் சாண் போட்டு அளந்தான். பன்னிரண்டரை செ.மீ. வந்தது. கணக்குப் போட்டால் பூமி ஒரேயடியாகப் பெருத்துவிட்டது. யார் சாண் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. பாட்டியிடம் மறுபடி கேட்க, பக்கத்து வீட்டுத் தையல்காரப் பெண்ணிடம் நாடா வாங்கி அளந்து 17 செ.மீ. என்றார்.

பெரிய தாளில் பாதி அளவுக்கு வரைந்து பாகைமானி வைத்தார்கள். ஒன்பதரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல், 9.6 என்று வைத்துக்கொண்டோம். சிங்கப்பூரில் சுழி. ஆக, இரண்டு ஊருக்கும் இடையே தெற்கு வடக்காக 9.6 டிகிரி. விமானம் பறக்கும் தூரம் இங்கே உதவாது, அது சாய்வாகப் போகிறது. அட்லஸில் தஞ்சாவூர் அட்சரேகைக்கும் சிங்கப்பூர் அட்சரேகைக்கும் நடுவில் நேர்கோட்டில் அளந்தால் சுமார் 1,050 கி.மீ. முழு வட்டம் 360 டிகிரி, அதை 9.6ஆல் வகுத்தால் 37.5. அதை 1,050ஆல் பெருக்கினால் 39,375 கி.மீ. உண்மையான அளவு 40,000த்தையொட்டி. இரண்டு விழுக்காடு கூடத் தவறவில்லை. கருவிகள் என்று பார்த்தால் ஒரு துடைப்பக் கட்டை, ஒரு தையல் நாடா, ஒரு பள்ளிக்கூடப் பாகைமானி.

“அங்கிள், அட்லஸ் போட்டவங்களுக்கு ஏற்கெனவே பூமி சைஸ் தெரியும்தானே? அப்போ நம்ம காப்பி அடிச்சிட்டோமா?” என்றாள் மீன் கண் வாங்கிய சிறுமி. அதற்குப் பதில் தேட இன்னொரு ஞாயிறு ஆனது.

அந்தப் பையனின் அம்மா பிறகு சொன்னது இது: மறுநாள் இரவு பாட்டியே கூப்பிட்டாராம். போனை மகனிடம் கொடு என்றாராம். “ஏண்டா, அந்தக் குச்சிய இன்னிக்கும் நட்டுப் பார்த்தேன், நிழல் ஒரு நூல் குறைஞ்சிருக்கு, ஏன்?” நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார்கள்.

வெளியே எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு: முதல் இடம், ஜூரோங்கில் உள்ள சிங்கப்பூர் அறிவியல் நிலையம். 1977 டிசம்பர் 10இல் திறந்தது. ஜூரோங் ஈஸ்ட் எம்ஆர்டியிலிருந்து நடந்துவிடலாம். ஒரே நாளில் எல்லாக் கூடத்தையும் காட்டிவிட நினைக்காதீர்கள். ஒரு கூடம், ஒரு கேள்வி, போதும். கென்ட் ரிட்ஜ் பக்கம் போனால் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் லீ கொங் சியன் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் இருக்கிறது. மூன்று டைனோசர் எலும்புக்கூடுகள் அங்கே பிரபலம். எனக்குப் பிடித்தது, 2015இல் ஜூரோங் தீவுக்கு அருகே செத்து மிதந்து வந்த திமிங்கிலம். அதன் எலும்புக்கூட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் பிள்ளையிடம் எதுவும் சொல்லாமல் இருப்பது பெற்றோருக்கு நல்ல பயிற்சி.

காசில்லாத இடம் வேண்டுமென்றால் புக்கிட் தீமா குன்று. லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் வழித்தடத்தில் ஏறினால் பியூட்டி வோர்ல்டு வரை ஒரே ரயில். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854இல் இந்தப் பக்கக் காட்டில் இரண்டு மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார், அதுவும் பெரும்பாலும் ஒரு சதுர மைல் பரப்புக்குள். டார்வினுக்கு இணையாக இயற்கைத் தேர்வைக் கண்டுபிடித்தவர் அவர். நம் பிள்ளைகள் ஒரு வண்டையும் பிடிக்கக் கூடாது, சட்டம் அப்படி. வரையலாம், படம் எடுக்கலாம். இரண்டு மணி நேரத்தில் எங்கள் கணக்கு பதினான்கு.

நடத்துவதைப் பற்றிக் கடைசியாகக் கொஞ்சம். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காதீர்கள். வயதைக் கலந்து வையுங்கள். பெரியவன் சின்னவளுக்கு விளக்கும்போதுதான் தனக்கே புரியவில்லை என்று கண்டுபிடிக்கிறான். கீழ்த்தளத்தில் மேசை போட்டுச் செய்வதென்றால் நகர மன்றத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மழைக்காலத்துக்கு வசிப்போர் குழு நிலையமோ சமூக மன்றமோ கைகொடுக்கும். மின்னல் வெட்டினால் உள்ளே ஓடிவிட வேண்டும், உள்ளே வந்த பிறகு மின்னலுக்கும் இடிக்கும் நடுவே வினாடி எண்ணலாம். மூன்று வினாடி என்றால் ஒரு கிலோமீட்டர். செலவு என்று பார்த்தால் தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கு எங்களுக்குப் பத்து வெள்ளி ஆவதே அபூர்வம், மீன் தலையைத் தவிர. கஷ்டமான விதி ஒன்றே ஒன்று: பிள்ளையிடம் கேட்ட கேள்விக்குப் பெற்றோர் பதில் சொல்லக் கூடாது. பொறியாளர் அப்பாக்களுக்கு இது தாங்கவே முடிவதில்லை. அவர்களைத் தேநீர் வாங்க அனுப்பிவிடுகிறோம்.

அடுத்த நிழல் நாள் செப்டம்பரில். இந்த முறை உச்சிவேளை ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே வரும், மார்ச்சில் 1.11, செப்டம்பரில் 12.58, ஏன் இந்த வித்தியாசம் என்று பிள்ளைகள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தாத்தாவையும் கோலாலம்பூரில் ஓர் அத்தையையும் பிடித்திருக்கிறோம். தஞ்சாவூர்ப் பாட்டி, தன் தெருவில் மூன்று பேருக்குக் குச்சி வெட்டிக் கொடுத்து, நாடாவும் சொந்தமாக வாங்கி வைத்துவிட்டாராம்.